பஸ்ஸில் தொலைந்த பேட்டரி கிரிப்

துபாய்,
ஜூன் 1986

அன்புள்ள தையல்நாயகிக்கு,

நான் சுகம். அம்மாவுக்குக் கால்வீக்கம் வடிந்ததா?

திண்டிவனத்தில் நடந்த உன் தம்பி கல்யாணப் படங்கள் கிடைத்தன. என் தம்பி சீனுவாசன் கில்லாடிதான். தாலியின் மூன்று முடிச்சுக்கும் மூன்று படம்! கட்டைவிரலால் பிலிம் சுற்றினால் ஒன்றுதான் சிக்கும். கேமராவுக்கு அடியில் பேட்டரி கிரிப் மாட்டினால்தான் பிலிம் தானாக ஓடும்.

விழுப்புரத்தில் நான் ஸ்டூடியோ வைப்பதற்காக வாங்கி அனுப்பிய கிரிப். "உங்க தம்பி அதை பஸ்ல தொலைச்சிட்டு அழுதுக்கினு நிக்கிறாரு, திட்டாதீங்க" என்று எழுதியவள் நீ.

மூன்றாவது முடிச்சை நாத்தனாராக நீதான் போடுகிறாய். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாய்.

இங்கே தனியாகச் சாப்பாடு இறங்கவில்லை. யாராவது வந்தால் வறுத்த மல்லாட்டை கொடுத்தனுப்பு. சீனு கையில் கொடுக்காதே, அதுவும் பஸ்ஸில் தொலைந்துவிடும்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

வேங்கடேசன்