ஒல்லி ஆளுக்கு எழுதிய வார்த்தை

மார்ச் 4
காவல் நிலையத்தில் மொழிபெயர்ப்பு வேலை. தையல்கார அம்மா ஒருவரைத் தள்ளிவிட்டு எவனோ சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அவர் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதினேன். "முறுக்கேறின உடம்பும்மா. வேட்டை நாய் மாதிரி" என்றார். 'ஸ்ட்ராங்லி பில்ட்', வாட்டசாட்டமான ஆள், என்று போட்டேன். நாயை விட்டுவிட்டேன். வாக்குமூலத்தில் நாய் எதற்கு?

மார்ச் 6
ஆளைப் பிடித்துவிட்டார்களாம். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர், நல்ல வாட்டசாட்டமாம். நல்லதாகப் போயிற்று.

மார்ச் 9
மகள் இங்கிலீஷ் பாடப் புத்தகத்தை நீட்டினாள். "'வயரி'ன்னா என்னம்மா?" பக்கத்தில் வேட்டை நாய் படம், விலா எலும்பு தெரிய. "ஒல்லியா இருக்கும்டி, ஆனா உடம்பு முறுக்கேறி—"
தையல்கார அம்மா சொன்ன அதே நாய், அதே முறுக்கு. ஐயோ, என்ன எழுதித் தொலைத்தேன்?

மார்ச் 10
தையல் கடைக்கே போனேன். "தடியனா? யாரு சொன்னா? ஒடிசலான ஆளும்மா. அதுக்குத்தானே நாயைச் சொன்னேன்!" பிடித்த ஆளை அவருக்கு இன்னும் காட்டவே இல்லையாம்.
நேராக இன்ஸ்பெக்டரிடம். "தமிழ்ல படிச்சுக் காட்டித்தானே கையெழுத்து வாங்கினீங்க? இப்ப மாத்திச் சொன்னா இனி உங்களை யாரு கூப்பிடுவா?"
படித்துக் காட்டவில்லை. வீட்டுக்குப் போகிற அவசரம். அதைச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். வந்துவிட்டேனே!

மார்ச் 11
தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த மனுஷன் உள்ளே என்ன சாப்பிட்டிருப்பார்?

மார்ச் 12
போய்ச் சொல்லிவிட்டேன். படித்துக் காட்டாததையும் சேர்த்து. தையல்கார அம்மாவும் வந்து, பார்த்ததுமே "இவரில்ல" என்றார். விட்டுவிட்டார்கள். எனக்கு அங்கே இனி வேலை இல்லை. அது போகட்டும்.

மார்ச் 20
மூட்டை தூக்குகிறவர் வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே வரவில்லை. மனைவிதான் வாசலில் நின்று பேசினார். "கிடங்குல வேற ஆளைப் போட்டுட்டாங்க. வார்த்தை மாறிப்போச்சுங்கிறீங்க. அதை ஊருக்குள்ள யாருகிட்டப் போய்ச் சொல்லுவோம்?"


ஏப்ரல் 2
பஸ்ஸில் அவர், விட்ட அன்று நிலையத்தில் தூரத்திலிருந்து பார்த்த முகம். அவர் ஏறியதுமே ஒரு பெண் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அவர் அதைப் பார்த்தார். தோளைக் குறுக்கிக் கம்பியோரம் ஒண்டினார்.
என் பக்கத்தில் இடம் இருந்தது. நகர்ந்து, "உட்காருங்கண்ணே" என்றேன். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.
"பரவால்லம்மா. நான் உக்காந்தா உங்களுக்குத்தான் பயமா இருக்கும்."
கடைசி நிறுத்தம் வரை நின்றுகொண்டே வந்தார்.