கீழ்க் கட்டத்துல ஒரு டிக்

செஞ்சி,
10-11-2025

அன்புத் தங்கச்சி மணிமொழிக்கு,

முதல்ல ஒரு குத்தத்தை ஒத்துக்கிறேன். திட்டுறதை அப்புறம் வெச்சுக்கோ.

சனிக்கிழமை நீ நைனாவுக்குத் துணி மாத்திக்கிட்டு இருந்தப்போ உன் போன்ல ஓடுன ஆன்லைன் கிளாஸ்ல கணக்கு சார் பேர் கூப்பிட ஆரம்பிச்சாரு. "மணிமொழி இருக்கீங்களா, மணிமொழி இருக்கீங்களா"ன்னு மூணு வாட்டி கேட்டாரு. பாவமா இருந்துச்சு. நாலாவது வாட்டி நான்தான் "உள்ளேன் ஐயா"ன்னு சொன்னேன். அதோட விட்டிருந்தா பரவால்ல. "அப்ப நீங்களே சொல்லுங்க, இதுல எக்ஸ் என்ன வரும்?"னு கேட்டுட்டாரு. நானும் உத்துப் பாத்துட்டு "நாப்பது"ன்னேன். எப்படி வந்துச்சுன்னாரு. "பாத்தா அப்படித்தாங்க சார் தோணுது"ன்னேன். கட்டம் கட்டமா எத்தனை மூஞ்சி இருந்துச்சோ அத்தனையும் சிரிச்சுது. கேமரா வேற தொறந்திருந்துச்சாம், எனக்கு இன்னா தெரியும்? உரிச்ச மல்லாட்டை (உங்க தாம்பரத்துல வேர்க்கடலை) தோலு தலையெல்லாம் ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். பயந்துபோய் செவப்பு பட்டனை அமுக்கிட்டேன். உன்கிட்ட கரண்ட் போயி கட்டாயிடுச்சுன்னு சொன்னது பொய்.

இதைப் போன்லயே சொல்லலாம்தான். ஆனா நைனா கட்டிலுக்கு ரெண்டடி தள்ளி நின்னுதான் நான் பேசணும், வேற ரூம் ஏது? ஆடியில வந்த வாதத்துல அவருக்கு வலது பக்கம் போச்சு, வாய் கொழறுது. காது மட்டும் முன்னைவிட நல்லாக் கேக்குது. அவரைத் தூக்குறது, கழுவுறது, அடுத்த வாரம் யாரு பாக்குறதுன்னு ஒரு பேச்சு எடுத்தாப் போதும், கண்ணுலருந்து தண்ணி ஊத்துது. அதனாலதான் லெட்டர். போஸ்ட் ஆபீஸ்ல இன்லேண்ட் லெட்டர் குடும்மான்னு கேட்டா, அந்தப் பொண்ணு என்னைக் கோட்டையிலருந்து எறங்கி வந்தவ மாதிரி பாக்குது.

மத்தபடி நீ வந்துட்டுப் போன ரெண்டு நாளும் நைனா நல்லாச் சாப்பிட்டாரு. நானும் சாப்பிட்டேன், அதுவும் உக்காந்து.

உன் அக்கா,
ஜெயக்கொடி
(அஞ்சாங்கிளாஸ், அதுவும் முழுசா இல்ல)

*

தாம்பரம்,
13-11-2025

அக்கா,

உன் லெட்டரை மருந்து குடோன்ல ஒரு அட்டைப்பெட்டி மேல உக்காந்து படிச்சேன். சிரிப்பு வந்தது. திட்டத் தெம்பு இல்லை.

ஆனா இனிமே அப்படிச் செய்யாதே. "வேற ஆள் பேசினால் பதிவேட்டில் இருந்து பெயர் எடுக்கப்படும்"னு சார் எனக்கு எழுதியிருக்கார். எல்லாப் பேப்பரும் முடிச்சு இந்தக் கணக்கு ஒண்ணுதான் பாக்கி. ரெண்டு தடவை போயிடுச்சு. அடுத்த வருஷம் பாடத்திட்டம் மாறுது, அதனால இதுதான் கடைசி வாய்ப்பு. இது இல்லன்னா டிகிரி இல்லை. டிகிரி இல்லன்னா இந்தக் குடோன்ல காலையில எட்டுலேருந்து ராத்திரி ஏழு வரை நின்னுக்கிட்டேதான் இருக்கணும். முப்பத்தொரு வயசுக்கே கால் ரெண்டும் யாருடையதோ மாதிரி இருக்கு.

உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். அதே சார், அதே பாடம், சனி ஞாயிறு காலையில மூணு மணி நேரம், ஏப்ரல் வரைக்கும். ஆன்லைன்ல படிக்கலாம், இல்ல இங்கயே காலேஜுக்கு நேர்ல போகலாம். ஆன்லைன்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி அங்க வந்துடுவேன், ரெண்டு நாள் நைனாவை நான் பாத்துப்பேன். நேர்லன்னா ஏப்ரல் வரைக்கும் நீ ஒருத்தியே. டிசம்பர் அஞ்சாம் தேதிக்குள்ள ஃபாரத்துல ஏதாவது ஒரு கட்டத்துல டிக் போட்டுக் குடுக்கணும். அப்புறம் மாத்த முடியாது.

போன வாரம் ஆன்லைன்ல உக்காந்து பாத்தாச்சு. இந்த வாரம் நேர்ல ஒருதடவை உக்காந்து பாக்கச் சொல்றாங்க. அதனால வர மாட்டேன். நைனாகிட்ட சொல்லிடு.

உன் மணிக்கட்டு ஏன் வீங்கியிருக்கு? வளையலை ஏன் கழட்டினேன்னு கேட்டா ஃபேஷன்னு சொன்ன. எனக்குக் கண் இருக்குக்கா.

மணி

*

செஞ்சி,
18-11-2025

அடியே மணி,

நேர் கிளாஸுக்குப் போனியே, எப்படி இருந்துச்சு? சாரைப் பாத்தியா? போன்ல குரல் கணீர்னு இருந்துச்சு. கல்யாணம் ஆனவரா, இல்ல நான்தான் கெடுத்துட்டனா? "எங்க அக்காவுக்கு எக்ஸ் வராது சார், மத்தபடி நல்ல குடும்பம்"னு சொல்லி வை.

நீ வராததால நைனா சனிக்கிழமை முழுக்க வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பஸ் சத்தம் கேக்கும்போதெல்லாம் இடது கையைத் தூக்குறாரு. நான் என்ன பண்ணுவேன், "அது திண்டிவனம் வண்டி நைனா, அது திருவண்ணாமலை வண்டி நைனா"ன்னு டைம் ஆபீஸ்ல உக்காந்தவ மாதிரி சொல்லிக்கிட்டே இருந்தேன்.

நீ ஆன்லைனே எடுத்துக்கோ. மாடிப்படியில ஏறி நின்னா சிக்னல் நாலு கோடு காட்டுது, கொரங்கு மட்டும் பாத்துக்கணும். பக்கத்து வீட்டு ராஜாம்பாளோட சார்ஜர் வயரை இப்பதான் தூக்கிக்கிட்டுப் போயிருக்குது. நீ படிக்கும்போது நான் கம்போட நிக்கிறேன். வாயைத் தொறக்க மாட்டேன், சத்தியம். நான் எனக்காகச் சொல்லல, நைனாவுக்காகத்தான் சொல்றேன்.

எழுதிட்டுப் பாத்தா பொய்யா இருக்குது. எனக்காகத்தான் சொல்றேன்.

ஞாயித்துக்கிழமை நைனாவைக் கட்டில்லருந்து நாற்காலிக்கு மாத்தும்போது கை நழுவிடுச்சு. ரெண்டு பேரும் சேந்தாப்பல தரையில உக்காந்துட்டோம். அடி ஒண்ணும் இல்ல, பயந்துக்காதே. ஆனா எந்திரிக்க முடியல. அவரை விட்டுட்டு நான் மட்டும் எந்திரிச்சா அவரு சாஞ்சுடுவாரு. சரின்னு செவுத்துல முதுகைக் குடுத்து, அவரை என் மேல சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். பத்தரை மணிக்கு ராஜாம்பாள் உறை மோர் கேட்டு வந்தா. அதுவரைக்கும் ஒரு மணி நேரம் இருக்கும். "இன்னா நைனா, நம்ம ரெண்டு பேரையும் இப்படியே மியூசியத்துல வெச்சா டிக்கெட் போடலாம்"னேன். சிரிச்சாரு. அந்த ஒரு பக்கத்துச் சிரிப்பு இருக்குதே, அதைப் பாத்தா நமக்குச் சிரிக்க முடியல.

உன் மாமா லாரிய எடுத்துக்கிட்டு விஜயவாடா போயி பதினோரு நாள் ஆச்சு. போன் பண்ணா "எல்லாம் நல்லாத்தானே இருக்குது"ங்கறாரு. நானும் "ஆமா"ங்கறேன். வேற இன்னா சொல்றது?

சாப்டியா? குடோன்ல நிக்கும்போது ஒரு கால் மாத்தி ஒரு கால்ல நில்லு.

ஜெயக்கொடி

*

தாம்பரம்,
24-11-2025

அக்கா,

முடிவு பண்ணிட்டேன். ஆன்லைன்தான்.

நேத்து பஸ்ஸுக்கு ஓடும்போது அவசரத்துல சொல்லாம வந்துட்டேன். ஃபாரத்தை அலமாரியில கடிகாரத்துக்குப் பின்னாடி பழுப்புக் கவர்ல வெச்சிருக்கேன். விலாசம் எழுதி ஸ்டாம்பும் ஒட்டியாச்சு. கையெழுத்துப் போட்டிருக்கேன், டிக் மட்டும் போடலை. பேனாவை எடுத்து ரெண்டு தடவை வெச்சுட்டேன். மேல் கட்டம் ஆன்லைன், கீழ்க் கட்டம் நேர் வகுப்பு. மேல் கட்டத்துல நீயே ஒரு டிக் போட்டு, ஒட்டி, பெட்டியில போட்டுடு.

நேர் வகுப்பு எப்படி இருந்ததுன்னு கேட்டிருந்த. இந்த வாரம் வந்தப்பவும் கேட்ட. சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை. ஒரு கரும்பலகை, ஒரு மின்விசிறி. பக்கத்துல சுமலதான்னு ஒரு அம்மா, உன் வயசுதான் இருக்கும், பேரப்பிள்ளையை விட்டுட்டு வந்து படிக்கறாங்க. சார் ஒரு கணக்கை ஆரம்பிச்சார், முடிச்சார். இன்னொண்ணை ஆரம்பிச்சார், அதையும் முடிச்சார். மூணு மணி நேரம் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடலை. அவ்வளவுதான்.

சனிக்கிழமை பாதி வகுப்புல நான் எழுந்து வந்ததுக்கு நைனா மேல கோவம்னு நினைச்சுக்காதே. அவருக்கு அவசரம், அவர் என்ன பண்ணுவார். யார் மேலயும் கோவம் இல்லை. தூக்கம்தான் வருது. இன்னிக்கு இருமல் மருந்துப் பெட்டிகளை எண்ணும்போது நின்னபடியே தூங்கிட்டேன்.

என் கணக்கு நோட்டை அங்கயே மறந்துட்டேன்னு நினைக்கிறேன். நைனா கட்டில் கிட்ட இருக்கும். பத்திரமா எடுத்து வை. வெள்ளிக்கிழமை வர்றேன்.

மணி

*

செஞ்சி,
27-11-2025

மணிக்கு,

நோட்டு கெடைச்சுது. கட்டிலுக்கு அடியிலதான் இருந்துச்சு. பத்திரமா எடுத்து வைன்னுதான் சொன்ன, படிச்சுப் பாருன்னு சொல்லல. நான்தான் படிச்சேன். படிச்சேன்னா, எனக்கு அதுல இன்னா தெரியும், கோழி கிண்டுன மாதிரி இருக்குது. ஆனா நாலு வீட்டுக் கோலத்தைப் பாத்தவளுக்கு எது முடிஞ்சது, எது பாதியில நிக்குதுன்னு தெரியாமப் போகாது. இங்க உக்காந்து நீ போட்ட கணக்கெல்லாம் நடுவுல நிக்குது. ஒண்ணுல சமம்னு ரெண்டு கோடு போட்டிருக்க, அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. அது நைனா தண்ணி கேட்டது. இன்னொண்ணுல ஒரு எழுத்தே பாதியில இழுத்துக்கிட்டுப் போயிருக்குது. அது நான் "மணி, ஒரு கை பிடி"ன்னு கத்துனது. எண்ணிப் பாத்தேன், ஒம்பது எடம். அஞ்சு நைனாவோடது, நாலு என்னோடது.

அப்புறம் நடுவுல ஒரு மூணு பக்கம். மேல தேதி பதினஞ்சு, பதினாறு. அது அந்தக் கரும்பலகை கிளாஸ். அதுல எல்லாக் கணக்குக்கும் கீழ ஒரு கோடு இழுத்து முடிச்சிருக்க. கடைசிப் பக்கத்துல ஒரு பூ வேற வரைஞ்சிருக்க. நீ பூ வரைஞ்சு பாத்து எத்தனை வருஷம் ஆச்சு?

மேல் கட்டம், கீழ்க் கட்டம்னு நீ எழுதுனது நல்லா வெளங்குச்சு. கீழ்க் கட்டத்துலதான் டிக் போட்டேன். பேனாவுல போட்டாச்சு, அழியாது. நாளைக்கு நீ பஸ் ஏறாதே; லெட்டர் வந்து சேர்றதுக்குள்ள ஏறிடுவ, அதனால அதை மட்டும் ராத்திரி போன்லயும் சொல்லிடுறேன்.

இனிமே நீ இன்னா கேப்பேன்னு தெரியும். உன் மாமாவுக்குப் போன் போட்டேன். "எல்லாம் நல்லாத்தானே இருக்குது"ன்னாரு. "இல்ல"ன்னேன். லாரியை ஓரங்கட்டுற சத்தம் கேட்டுது. அப்புறம், சனி ஞாயிறு இருக்கணும், நைனாவைத் தூக்கணும்னு சொன்னேன். "நானா?"ன்னாரு. "நெல்லு மூட்டையை ஏத்தி எறக்குற ஆளு, மாமனாரைத் தூக்க முடியாதா?"ன்னேன். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வர்றேன்னு சொல்லியிருக்காரு. பாக்கலாம். நடுவுல இருக்குற வாரத்துக்கு ராஜாம்பாள் காலையில வந்து ஒரு கை குடுக்குறேன்னுது. இதெல்லாம் நான் முன்னாடியே கேட்டிருக்கலாம். உன்னைக் கேக்குறதுதான் சுலுவா இருந்துச்சு.

நைனாகிட்டயும் சத்தமாவே சொல்லிட்டேன். "மணி இனிமே மாசத்துக்கு ஒருக்காதான் வரும் நைனா, பாஸ் பண்ணணும்"னேன். செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. மத்தியானம் சாப்பிடல. சாயங்காலம் ரெண்டு இட்லி சாப்பிட்டாரு. அப்புறம் உன் நோட்டை வாங்கி மடியில வெச்சுக்கிட்டாரு, குடுக்க மாட்டேன்னுட்டாரு. நீ புதுசா ஒண்ணு வாங்கிக்கோ.

எனக்குக் கஷ்டம் இல்லன்னு எழுத மாட்டேன். வலிக்குது. வளையலை இன்னும் போடல. ஆனா நீ ஏதாவது ஒண்ணை முழுசா முடிச்சு அதுக்கடியில ஒரு கோடு இழு. நம்ம வீட்டுல யாராவது ஒருத்தர் இழுக்கட்டும்.

சுமலதா அம்மாவைக் கேட்டதாச் சொல்லு. சாரையும்தான்.

எக்ஸுக்கு நாப்பதுன்னு சொன்ன உன் அக்கா,
ஜெயக்கொடி

பின்குறிப்பு: மேல எழுதுனது வீட்டுல எழுதுனது. இது போஸ்ட் ஆபீஸ் படிக்கட்டுல உக்காந்து எழுதறது. வழியில ரேஷன் கடைக்கும் போகலாம்னு ரேஷன் கார்டையும் ஒரு பழுப்புக் கவர்ல போட்டு எடுத்துக்கிட்டு வந்தேன். இப்ப ஃபாரம் என் கையில இருக்குது. ரேஷன் கார்டு தபால் பெட்டிக்குள்ள இருக்குது. நாலு மணிக்குத்தான் பெட்டியைத் தொறப்பாங்களாம். இப்ப மணி ரெண்டேகால்.