வந்துருச்சு என்று சொல்ல வேண்டியவன்

மடிக்கணினி சூடாகும்போது விசைகளுக்கு நடுவிலிருந்து உன் தைலம் மணக்கிறது. விரல் மூட்டு வலிக்கென்று நீ தடவிக்கொள்ளும் பச்சைத் தைலம். இன்று காலை கிடர்பூரில் நல்ல மழை. ஜன்னலைச் சாத்தியதும் அந்த வாசனை அறையிலேயே நின்றுவிட்டது. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். உன்னிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும். அதை எழுதித்தான் சொல்ல முடியும்.

இப்போது எனக்கு எழுத வருகிறது. எழுபத்திரண்டு வயதில் இந்த வரியை அடிக்கும்போதே சிரிப்பு வருகிறது. மெதுவாகத்தான் வருகிறது. ‘கிடர்பூர்’ என்று அடித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

கிடர்பூர் துறைமுகத்தில், சுமை தூக்கி இறக்கும் விஞ்சின் பிடி என் கையில் இருந்தது. கப்பலின் அடிக்கிடங்கு எனக்குத் தெரியாது. கிடங்கு வாயில் நின்று எட்டிப் பார்ப்பவன் நீ. ‘ஆரியா, ஆரியா’ என்று நீ குரல் கொடுத்தால் நான் இறக்குவேன். சுமை தரையைத் தொட்டதும் ‘வந்துருச்சு’ என்பாய். அந்தச் சொல் காதில் விழும்வரை பிடியிலிருந்து கையை எடுக்கக் கூடாது. ஒருமுறை நான் மூக்கைச் சொறிந்ததற்கு, கப்பலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாய்: “மாப்ள, மூக்கு எங்கயும் ஓடிறாது. கீழ நிக்கிறவன் போயிருவான்.”

அந்தக் குரலைத்தான் தொண்டை ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். டாலிகஞ்சில் உன் மகன் வீட்டுக்கு வந்தபோது நீ மடியில் ஸ்லேட்டோடு உட்கார்ந்திருந்தாய். எழுதி என் பக்கம் திருப்பினாய். எனக்கு அது சுண்ணாம்புக் கோடு. உன் மகன் வாங்கிப் படித்தான். நான் சௌக்கியமா என்று நீ கேட்பதாகச் சொன்னான். நீ தலையில் அடித்துக்கொண்டாய். நீ என்னைத் திட்டியிருக்கிறாய், பையன் மரியாதையாக மாற்றிச் சொல்கிறான் என்று அப்போதே புரிந்தது. உன் திட்டு இன்னொருவர் வாய் வழியாக, அதுவும் கழுவித் துடைத்து வருவது எனக்குப் பொறுக்கவில்லை. அதற்காகத்தான் மகளிடம் நோட்டு வாங்கி வரச் சொல்லி ‘அ’ போட்டேன். ஏழு மாதம் ஆனது. ஒரு நாள் நீ ஸ்லேட்டைத் திருப்பியபோது ‘கழுதை’ என்று நானே படித்தேன். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன அண்ணா, லாட்டரியா என்று வங்காள மொழியில் கேட்டார்.

உன் மகன் ஒதுக்கிய இரண்டு பழைய கணினிகளில், அவனிடமே கற்றுக்கொண்டு, லினக்ஸ் ஏற்றி, ஒன்றை எனக்குக் கொடுத்தாய். தமிழ் எழுத்துகளை வெட்டி ஒவ்வொரு விசையிலும் நீயே ஒட்டியிருந்தாய். கடைசியாக நீ எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, கறுப்புத் திரையில் வரி வரியாக அடித்து ஒரு மென்பொருளை ஏற்றினாய். ஃபைலைத் துண்டு துண்டாக்கி, பூட்டி, முகம் தெரியாதவர்களின் கணினிகளில் போட்டுவைக்கும் மென்பொருள். போட்டவன் யார், எடுப்பவன் யார் என்று நடுவில் இருக்கும் எவனுக்கும் தெரியாது. நம் கணினியிலும் பிறர் துண்டுகளுக்கு இடம் விட வேண்டும்.

வாட்ஸாப்பில் அனுப்பினால் போதாதா என்று என் மகள் கேட்டாள். நீ ஸ்லேட்டில் எழுதினாய்: ‘அதுல பேரு தெரியும். பேரு தெரியாம வந்து சேருதான்னு பாக்கணும்.’

“எவனோ ஒருத்தன் ஃபைல் நம்ம வீட்டுல கெடக்குமா? உள்ள என்னன்னு உங்களுக்கே தெரியாதா? ஏக்தம், ஒரேயடியா வேண்டாம் அப்பா. போலீஸ் வந்தா நான்தான் பதில் சொல்லணும்.”

பெட்டிக்குள் என்ன என்று பார்த்தா நாம் இறக்கினோம் என்று நீ எழுதினாய். எனக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை. இன்றைக்கும் படவில்லை. நல்லதும் போகும், கெட்டதும் போகும். அது என்னை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. நீ அதற்குள் காலண்டர் தாளைக் கிழித்து அடுத்த வரியை எழுதிவிட்டாய்: ‘யாரும் கேக்காத துண்டு கொஞ்ச நாள்ல அழிஞ்சுபோயிரும். சீக்கிரம் கேளு.’

வீட்டுக்குப் போய் உன் கணினியிலிருந்து ஒரு ஃபைலைப் போட்டாய். அதை எடுப்பதற்கான சாவி, இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக ஒரு முழ நீளம். மறுநாள் உன் மகன் வழியாக அதே மாதிரி ஒரு காலண்டர் தாளில் வந்தது. நான் அதைப் பைக்குள் வைத்தேன். நாளைக்கு அடிக்கலாம் என்றிருந்தேன். அந்த வாரமே நீ போய்விட்டாய்.

நான்கு மாதம் நான் பையைத் திறக்கவில்லை. உன் கணினியை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பூஜை நெருங்கியபோது, வீட்டைச் சுத்தம் செய்கிற கையோடு இந்தக் கணினியில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடப்போவதாக மகள் சொன்னாள். அப்போதுதான் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். உன் ஃபைல் இனி எங்கேயாவது இருந்தால் அந்த முகம் தெரியாதவர்களிடம்தான். அதையும் இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை.

சாவியை அடிக்க ஒரு முற்பகல் ஆனது. மகள் முணுமுணுத்தபடியே இரண்டு முறை சரிபார்த்தாள். திரையில் பட்டை நகர்ந்தது. நூற்றுக்குப் பதினொன்றில் நின்றது. நான் நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன். ஒன்பதில் நின்றது. சந்தைக்குப் போகும்போது மூடியைச் சாத்தினேன், வந்து திறந்தேன், மறுபடி முதலிலிருந்து கேட்டேன். மூன்று நாள் இதே கதை. மகள் பொறுக்க முடியாமல், “விடாம நோண்டிக்கிட்டே இருந்தா அது எப்பிடிப்பா வரும்? கைய எடுங்க” என்றாள்.

கையை எடு என்ற சொல் என்னை உட்கார வைத்தது. ஒவ்வொரு முறை மூடியைச் சாத்தியது, பாதிச் சுமையில் பிடியை விட்டதுதானே. விஞ்சில் நான் இப்படிச் செய்திருந்தால் நீ என்னைத் தண்ணீரில் தள்ளியிருப்பாய்.

அதன்பின் மூடியைத் தொடவில்லை. மின்கம்பியைப் பிடுங்கவில்லை. அறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். இருபது. இரண்டு நாள் இருபதிலேயே. பிறகு நாற்பத்தாறு. எந்த ஊரிலோ எவரோ கணினியைத் திறக்கிறார்; உன் துண்டு ஒன்று கிளம்புகிறது. அவர் எனக்காகச் செய்யவில்லை. செய்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலிருந்தும் அப்படி யாருக்கோ போயிருக்கும்.

பூஜைச் சுத்தத்துக்கு மகள் வைத்த கெடு நேற்றோடு முடிந்தது. துணியும் கையுமாக வந்தவள் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். தொண்ணூற்றெட்டு. “இன்னிக்கு மட்டும்” என்றாள்.

இன்று காலை நூறு. திறந்தேன். உன் ஸ்லேட்டின் புகைப்படம். ஓரத்தில் உன் கட்டைவிரல். எழுத்துக் கூட்டி, யாரும் உதவாமல், நானே படித்தேன்.

‘மாப்ள, இப்ப விஞ்ச் என் கையில. கிடங்கு வாயில நிக்கிறது நீ. வந்துருச்சுன்னு சத்தம் குடு. அதுவரை கைய எடுக்க மாட்டேன்.’

மகளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். நான் அவளுக்குப் படித்துக் காட்டினேன், கேட்டாயா? அவள் துணியை மடித்துத் தோளில் போட்டாள். “மொதல்ல அவருக்குப் பதில் போடுங்க. தொடைக்கிறத அப்புறம் பேசலாம்.”

நாலு மாதம் உன்னைப் பிடியோடு நிற்க வைத்துவிட்டேன். இந்த மடலை நீ சொல்லிக்கொடுத்த அதே வழியில்தான் போடப்போகிறேன், பேரில்லாமல். இதன் சாவியை உன் காலண்டர் தாளிலேயே, நீ எழுதியதற்குக் கீழே எழுதி வைப்பேன். அழிந்துபோய்விடாமல் இருக்க அவ்வப்போது நானே கேட்பேன்.

வந்துருச்சு, மாப்ள. நீ கையை எடு. மூக்கைச் சொறிந்துகொள்.