பால் விஷயமாக நான் தேடிய ஆயத்து

திண்டிவனம்,
12.1.2014

அன்பு மகள் தில்ஷாத்துக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அத்தாவும் நலம், அத்தாவின் முழங்காலைத் தவிர. புருனேயில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி சுஹைராவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். ஃபோன் இருக்கும்போது யார் இப்போது கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். ஃபோனில் சொன்னால் பாதியில் நான் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் டியூட்டிக்கு நேரமாச்சு என்று நீ வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாமல் படி.

ஊரில் பனி கொட்டுகிறது. பக்கத்து வீட்டு இருதயசெல்வி கிறிஸ்துமஸ் ஸ்டாரை இன்னும் இறக்கவில்லை, பொங்கலுக்கும் சேர்த்து எரியட்டும் என்கிறாள். அத்தா போன வாரம் பென்ஷன் விஷயமாக விழுப்புரம் போனார். ரிட்டயர்டு ஆகி ஆறு வருஷமாகியும் அவருக்குள் இருக்கும் கண்டக்டர் ரிட்டயர்டு ஆகவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோது படியில் நின்றவர்களை எல்லாம் உள்ளே போங்க உள்ளே போங்க என்று விரட்டியிருக்கிறார். அந்தக் கண்டக்டர் பையன், "பெரியவரே, டிக்கெட்டு நான் போடட்டா, இல்ல அதையும் நீங்களே போட்டுக்கினு வர்றீங்களா" என்று கேட்டானாம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஒரு தடவை என் கையாலேயே எழுதிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், விழுப்புரத்தில் இருக்கும் என் தம்பி மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன், நர்ஸ் வேலைக்குத்தான் போவேன் என்று நீ பெட்டியைத் தூக்கினாய். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், மெட்ராஸ் வண்டி கிளம்பும் நேரத்தில், அத்தனை பேருக்கு நடுவில் நான் உனக்குக் கொடுத்த பாலை ஹலாலாக்க மாட்டேன் என்று சொன்னேன். தாய் மனசார ஹலாலாக்காவிட்டால் அந்தப் பால் பிள்ளைமேல் கடனாகவே நிற்கும், பிள்ளைக்குச் சொர்க்கத்தின் வாசல் திறக்காது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். என்னிடம் கேட்டு நீயும் அப்படியே வளர்ந்தாய். அதனால்தான் ஒவ்வொரு நோன்பிலும் ஃபோனை வைக்கும் முன்னால், "பாலை ஹலாலாக்கிட்டியாம்மா" என்று கேட்பாய். பார்க்கலாம் என்பேன் நான். என் தம்பி மகன் வேறு பெண்ணைக் கட்டி, மூன்று பிள்ளை பெற்று, தொப்பையும் போட்டுவிட்டான். நான் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. உன் கல்யாணத்துக்கு வந்தேன், தாளிச்சாவில் உப்பு போதாது என்றுகூடச் சொன்னேன், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன் தில்ஷா, கோபம் எனக்கு முதல் வருஷத்திலேயே போய்விட்டது. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அப்புறம் நீ என்னைத் தேடுவாயோ மாட்டாயோ என்ற பயம்தான் மிச்சம் இருந்தது.

போன நோன்பில் நீ அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வேறு ஒன்று சொன்னாய். "சுஹைராவுக்குப் பால் குடுக்கறப்பல்லாம் எனக்குக் கையி நடுங்குதும்மா. நீ சொன்னது குர்ஆன்ல எங்க கீதுன்னு சொல்லு, நானே படிச்சிப் பாத்துக்கறேன்" என்றாய். ஏன் இல்லாமல், எந்த சூரா, எத்தனையாவது ஆயத்து என்று அடுத்த தடவை சொல்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஃபோனை வைத்த பிறகுதான் அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது என்பது உறைத்தது. ஏழு வயதில் ஓத ஆரம்பித்தவள், வருஷத்துக்கு இரண்டு தடவை குர்ஆனின் முப்பது ஜுஸ்வும் முடிக்கிறவள், தெருவில் பாதிப் பெண்களுக்கு ஓதிக் கொடுத்தவள், ஆனால் ஒரு வரிக்கு அர்த்தம் சொல் என்றால் திருதிருவென்று விழிப்பேன். பீரோ மேலே பச்சைத் துணியில் சுற்றி வைத்திருந்த, தமிழில் அர்த்தம் போட்ட தர்ஜுமாவை இறக்கினேன். மேலே இருந்த தூசியைத் தட்டும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

சுபுஹு தொழுதுவிட்டு, பால்காரர் வரும் வரைக்கும் தினமும் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். பால் என்று எங்கே வந்தாலும் அத்தாவின் பழைய டிக்கெட் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்து அந்தப் பக்கத்தில் வைத்துவிடுவேன். ஜன்னல் வழியாகப் பார்த்த இருதயசெல்வி, "இன்னாக்கா, பரிச்சைக்கிப் படிச்சிக்கினு கீறீங்களா, பிட்டெல்லாம் ரெடியா" என்றாள். பரீட்சைதான் என்றேன். முதல் டிக்கெட் இரண்டாவது சூராவிலேயே விழுந்தது. இரண்டு வருஷம் முழுசாகப் பால் கொடுக்கலாம் என்று இருந்தது, ஆஹா மாட்டிக்கொண்டாள் என் மகள் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேலே படித்தால், பால் கொடுக்கிறவளுக்குச் சோறும் துணியும் கொடுப்பது தகப்பன் பொறுப்பு என்று போகிறது. உன்மேல் ஒன்றும் இல்லை, எல்லாம் அத்தாமேல்தான். புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். நீ பிறந்து முப்பத்தி நாலு வருஷம் கழித்து அம்மணி கடையில் ஒரு காட்டன் புடவை வாங்கிக் கொடுத்தார், ஊதா கலர், எனக்குப் பொருந்தவில்லை.

தேடிப் போனது கிடைக்காவிட்டாலும் வழியில் என்னென்னவோ கிடைத்தது. புறம் பேசுவது செத்த சகோதரனின் கறியைத் தின்பது மாதிரி என்று படித்துவிட்டு இரண்டு நாள் வாயே திறக்கவில்லை, மூன்றாம் நாள் விழுப்புரத்திலிருந்து என் தம்பி பெண்டாட்டி வந்துவிட்டாள், என்ன செய்வது. குகையில் தூங்கிய நல்லவர்களோடு வாசலில் ஒரு நாயும் இருந்தது என்று வருகிறது, அன்றையிலிருந்து நம் தெரு நாயைக் கல்லால் அடிப்பதை விட்டேன், இப்போது அது கேட்டுக்குப் பக்கத்திலேயே குடித்தனம் வைத்துவிட்டது. எதைக் கேட்டாலும் அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். நான் பேஜாரு பண்ணுகிறேன் என்று அத்தா பள்ளிவாசலில் அஜ்ரத்திடமே போய்க் கேட்டார். அஜ்ரத் தங்கமான மனுஷர், பொய் சொல்லவில்லை. பால் விஷயம் குர்ஆனில் கிடையாதுதான், ஆனால் அம்மா தனியாகப் படித்தால் குழம்பிவிடுவார்கள், மார்க்கம் படித்த ஓர் ஆலிமாவை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள் என்றாராம். இத்தனை வருஷமாகக் குழம்பிப்போய் இருந்தது தனியாகப் படிக்காததால்தானே என்று எனக்குத் தோன்றியது, அத்தா பயப்படுவார் என்று சொல்லவில்லை. தம்பி வீட்டில் போன வாரம் மௌலூது ஓதக் கூப்பிட்டார்கள். பத்துப் பெண்கள் இருந்த இடத்தில், பாலை ஹலாலாக்குவது என்று ஒன்று கிடையாது, நான் முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட்டேன் என்றேன். தம்பி பெண்டாட்டி தட்டை நங்கென்று வைத்து, "அப்ப நம்ம பெரியவங்கல்லாம் பொய்யா சொன்னாங்க? குர்ஆன் மட்டும் போதும்ங்கற கட்சியில சேந்துட்டீங்களா மைனி" என்றாள். நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. தொழுகிறேன், நோன்பு பிடிக்கிறேன், ஜகாத்து கொடுக்கிறேன். ஒன்றை அல்லாஹ் சொன்னான் என்று சொல்வதற்கு முன்னால் அவன் சொன்னானா என்று பார்க்கிறேன், அவ்வளவுதான். அதற்கே இனிமேல் பெண்கள் பயான் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுவார்களா என்பது சந்தேகம். போகட்டும், அங்கே டீயும் நன்றாக இருக்காது.

கடைசி சூராவை டிசம்பர் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை முடித்தேன். பால் கடன் என்று எங்கேயும் இல்லை. எதையாவது விட்டிருப்பேன் என்று டிக்கெட் வைத்த பக்கங்களை மட்டும் மறுபடி எடுத்து ஒரே மூச்சில் படித்தேன். தாய் பலவீனத்துக்கு மேல் பலவீனமாகச் சுமந்தாள் என்று இருந்தது, அவளுக்கு நன்றியாக இரு என்று இருந்தது, அதெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ மறந்தவள் இல்லை. மூஸா நபியின் தாய்க்கு, பால் கொடு, பயம் வந்தால் பிள்ளையை ஆற்றில் விட்டுவிடு, துக்கப்படாதே, திருப்பிக் கொடுப்போம் என்று சொல்லியிருந்தது. அவள் ஆற்றில் விட்டாள், நான் மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிடவே உன்னை அந்தப் பாடு படுத்தினேன். அப்புறம் ஹஜ்ஜு சூராவில் வைத்த டிக்கெட். இரண்டாவது ஆயத்து, முதல் தடவை டிக்கெட்டை மட்டும் வைத்துவிட்டு அவசரத்தில் தாண்டிப் போயிருக்கிறேன். உலகம் அழிகிற கியாமத்து நாளின் திடுக்கத்தில், பால் கொடுக்கிற ஒவ்வொருத்தியும் தன்னிடம் பால் குடிக்கிற பிள்ளையையே மறந்துவிடுவாளாம். பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனதுகூடத் தெரியவில்லை. அந்த நாளில் உன்னையே மறந்து ஓடப்போகிறவள், சொர்க்கத்து வாசலில் நின்று உன்னைத் தடுப்பேன் என்று எந்த வாயால் சொன்னேன்? என் மகளை மறந்துவிடுவேன் என்பதை நினைத்து அழுதேனா, உயிரோடு இருக்கும்போதே இப்படிச் செய்துவிட்டேனே என்று அழுதேனா தெரியவில்லை. அத்தா வந்து கேட்டார். கண்ணாடி பவர் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே தில்ஷா, ஹலாலாக்குவதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. அந்தப் பால் நீ குடித்த அன்றைக்கே உனக்கு ஆகிவிட்டது. அல்லாஹ் சொல்லாததை அவன் சொன்னதாகச் சொன்னதற்கு அவனிடம் தவ்பா செய்துவிட்டேன், அவன் மன்னிப்பான் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறது, அதில் எனக்குக் கவலை இல்லை. உனக்குச் செய்ததை மன்னிக்க வேண்டியவள் நீ. பதினோரு வருஷம் நீ என்னிடம் கேட்டாய், இப்போது நான் உன்னிடம் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு.

மாப்பிள்ளைக்கு எங்கள் சலாம். உன் கையில் எப்போதும் பரக்கத்து இருக்கட்டும், நீ தொட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும், சுஹைரா நூறு வயது இருக்கட்டும். அவளுக்குக் கை நடுங்காமல் பால் கொடு. இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதே, நர்ஸ்கள்தான் முதலில் நிறுத்துவீர்கள். இந்தக் கடிதம் பத்து நாளில் சேரும் என்று போஸ்டாபீசில் சொன்னார்கள், சேர்ந்ததும் வருகிற வெள்ளிக்கிழமை ஃபோனில் பதில் சொல். மனசு இன்னும் ஆறவில்லை என்றால் ஆறவில்லை என்றே சொல். எனக்காக ஜல்தியாகச் சரி என்று சொல்லிவிடாதே. வருகிற நோன்பிலும் கேட்பேன், அதற்கடுத்த நோன்பிலும் கேட்பேன்.

துஆக்களுடன்,
உன் அம்மா
கமருன்னிசா