போனில் இருந்த ஏச்சு

பெருமதிப்புக்குரிய அம்மா புஷ்பவதி அவர்களின் சமூகத்துக்கு,

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது: உங்கள் மகன் நேற்றுத் தன் சேட்டுக்குத் தானே பொத்தான் தைத்தான். ஊசி உயிர் தப்பியது. நீங்கள் சுகமா? முழங்கால் நோ குறைந்ததா?

நான் நலம், களைப்புத்தான். ரோட்டுச் சென்றியில் ஆமிக்காரர் மறித்துப் போனை வாங்கிப் பார்க்கிறார்கள் என்று, ஆட்கள் முன்கூட்டியே நான் வேலை செய்யும் போன் கடைக்கு வந்து படம், பாட்டு எல்லாம் அழிக்கச் சொல்கிறார்கள். நாள் முழுக்க அதுதான் என் வேலை. ஒரு அக்கா தன் தம்பியின் படத்தை அழிப்பித்துவிட்டு, வெறும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கட வெருகலுக்குத்தான் போன் லைன் இல்லையே, உங்கள் குரலைக் கேட்க வழியில்லை. அதனால், நான் வெளிக்கிட்ட அன்று நீங்கள் ஏசியதைக் களவாகப் பதிந்து ரிங் டோனாக வைத்திருந்தேன். முந்தாநாள் சென்றியில் ஆமிக்காரன் என் போனை வாங்கி அமத்திப் பார்க்க, "மூதேவி, தலையைத் துடையடா, தடிமன் பிடிக்கும்!" என்று உங்கள் குரல்.

"ஆர் இது?"

"எங்கட வீட்டு ஜெனரல், சேர்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லொறிக்கார லாபிர் நானாவிடம் கொஞ்சம் புளியும் என் பழைய சாரமும் கொடுத்துவிடுங்கள். அவருடைய போனில் பதியச் சொல்லி என்னை நன்றாக ஏசியும் விடுங்கள். சிரிக்காமல் ஏசுங்கள்.

நானா ஹோர்ன் அடிக்கிறார். அம்மா, ஆமிக்காரன் சிரித்ததெல்லாம் புளுகு. வரிசையில் முன்னுக்கு நின்றவனின் போனை வாங்கியதைக் கண்டதும் என் போனில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். உங்கள் குரலும் போய்விட்டது. என் போனை அவன் கேட்கவேயில்லை.

உங்கள் மகன்,
கஜன்