வேறு கடைக் கண்ணாடி

டிசம்பர் 29, காலை

அன்புத் தங்கச்சிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரரும் அந்த வாலுங்க ரெண்டும் சுகம் என்று தெரியும், போட்டோவிலேயே பார்த்துவிட்டேன். இங்கே உன் அத்தானுக்கு இருமல் குறைந்திருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிறுதான் எரிகிறது, அதற்கு எந்தக் கடையிலும் மாத்திரை கிடையாது.

போன் இருக்கும்போது யாராவது கடிதம் எழுதுவார்களா என்று சிரிக்காதேடி. போனை எடுத்த உடனே நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். பக்கத்தில் அப்பா இருப்பார். அவர் காதில் விழுகிற மாதிரி நான் எதைப் பேச முடியும்? நேற்று நீ, அப்பா இன்னும் கொஞ்ச நாள் எங்ககூடவே இருக்கட்டுமாக்கா என்று கேட்டாய். கடையில ஆள் வந்துட்டாங்க, அப்புறம் பேசறேன் என்று நான் வைத்துவிட்டேன். அப்போது கடையில் ஈ காக்கா கிடையாது. அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு வந்தால் அப்பா உறையின் மேலேயே வந்த தேதியை எழுதிவைத்துவிட்டு, என்ன எழுதியிருக்கா என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முப்பத்திரண்டு வருஷம் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்த கை அது, சும்மா இருக்காது.

முதலில் கண்ணாடி விஷயத்தைப் பேசி முடிக்கிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நீ அனுப்பிய போட்டோ வந்தது. உன் அத்தான் பார்த்துவிட்டு, மாமா பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்காரே என்றார். ஈரக் கையோடு வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். புதுக் கண்ணாடி! ஏண்டி, பதினாலு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் நிற்கிறவள் நான். ஊரில் இருக்கிற மூக்குக்கெல்லாம் என் கையால் மாட்டிவிடுகிறேன். பெற்ற அப்பாவிடம் ஆறு வருஷமாகக் கெஞ்சினேன், அதட்டினேன், பழைய கண்ணாடியை ஒளித்துவைத்துக்கூடப் பார்த்தேன். எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது, இதுவே போதும் என்று ஒரே பாட்டு. உன் வீட்டில் கால் வைத்து ஒரு வாரம் ஆவதற்குள் வேறு கடைக் கண்ணாடி அவர் மூக்கில் ஏறிவிட்டது. நீ எதுவும் கெஞ்சியிருக்க மாட்டாய். வாங்கப்பா என்றிருப்பாய், அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்.

அந்தப் போட்டோவை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று கேட்காதே. இடது காதுப் பக்கம் கம்பி கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. மூக்குத்தாங்கி அகலம் போதாது, இரண்டு மாதத்தில் தழும்பு விழும். மாட்டிவிட்ட ஆளுக்கு எங்கே வேலை கற்றுக்கொடுத்தார்களோ தெரியவில்லை. உன் அத்தானிடம் இதையெல்லாம் சொன்னால், மனுஷன் நல்லாத்தானே இருக்கார் என்கிறார். பண்டிகை முடிந்த கையோடு பொய் எழுதக் கூடாது, அதனால் சொல்கிறேன்: ஃபிரேம் அவருக்கு ரொம்பப் பொருத்தம். நான் எடுத்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். அதனால்தான் இன்னும் எரிகிறது.

இருபத்தாறாம் தேதி கடை திறந்தோம். இந்த நாட்களில் எங்களுக்கு வருகிறதெல்லாம் உடைந்த கேஸ்தான். சோபாவில் வைத்ததன் மேல் உட்கார்ந்தவர், குழந்தை கடித்த கம்பி, அடுப்புக்குள் எட்டிப் பார்த்துக் கண்ணாடியையும் கேக்கோடு சேர்த்து வேகவைத்த ஒரு பேக்கரிக்காரர். சனிக்கிழமை ஒரு பெண் தன் அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். அவள் முகம் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்துக் காட்ட, அவர் வெட்கப்பட்டுக்கொண்டு ஒவ்வொரு ஃபிரேமாகப் போட்டுப் பார்க்கிறார், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். எனக்குத் தாங்கவில்லை. அவர் கண்ணாடியைச் சரியாகக் காதில் படியவைக்காமலே டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர்கள் தெருமுனை போன பிறகு மனசு கேட்காமல் ஓடிப்போய்க் கூப்பிட்டு, கம்பியைச் சூடாக்கி வளைத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் எனக்கு நன்றி வேறு சொன்னாள்.

உன் ஊர்க் கடையில் அப்பாவை ஐயா, ஐயா என்று கூப்பிட்டார்களாம், உட்காரவைத்துக் கிடங்குக் கதையெல்லாம் கேட்டார்களாம். நீதான் போனில் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து ஒரு பழைய சங்கதி குடைகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அப்பா தானாகவே என் கடைக்கு வந்தார். தலையை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். எனக்கு அன்று கூட்டம். அவரை உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியில் தடுமாறினார், முன்னால் குனிந்தார். தலையை ஆட்டாதீங்கப்பா, எத்தனை தடவை சொல்றது, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க என்று கத்தினேன். கூட வேலை செய்கிற பெண்கள் சிரித்தார்கள். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு, கூட்டம் குறையட்டும், அப்புறம் வரேன் என்று எழுந்து போனவர்தான். நானோ அவர் பிடிவாதக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரோ முகம் தெரியாத கஸ்டமர் என்றால் நானும் ஐயா என்றுதான் கூப்பிட்டிருப்பேன்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று சொல்லி அவரை உன்னிடம் அனுப்பினேன். ஆசை இருந்தது உண்மைதான். ஆனால் அனுப்பியது என் வாய். நவம்பரில் ஒருநாள் என் முகத்துக்குப் போடுகிற கிரீம் டப்பாவில், திறந்த தேதியைக் கறுப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். இது வீடுப்பா, உங்க கிடங்கு இல்ல, கொஞ்ச நாள் சின்னவ வீட்டுக்குப் போங்க, நான் மூச்சு விட்டுக்கறேன் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில், டிக்கெட் போட்டுக் கொடும்மா என்றார்.

மூச்சு விட்டாயிற்று. போதும் போதும் என்று விட்டாயிற்று. குளிர்ப்பெட்டியில் இருக்கிற பால் என்றைக்குத் திறந்தது என்று தெரியாமல் மோந்து மோந்து பார்க்கிறோம்.

நேற்று உன் போனை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசல் நட்சத்திரத்தில் பல்பு எரியவில்லை. மாற்றுப் பல்பு தேடி அலமாரி மேலிருந்த கிறிஸ்துமஸ் பெட்டிகளை இறக்கினேன். ஐந்து பெட்டியிலும் புதிதாகச் சீட்டு ஒட்டியிருந்தது. அப்பா எழுத்து. "பெரியவளுக்கு. ஜனவரி 7 அன்று இறக்கும்போது, முதலில் பல்பைக் கழற்று." "விளக்குச் சரத்தை மடிக்காதே, அட்டையில் சுற்று." "மரத்தைக் கீழ்க்கிளையிலிருந்து மடக்கு. நாற்காலி மேல் நீ ஏறாதே, மாப்பிள்ளையை ஏறச் சொல்." கீழே தேதி போட்டிருந்தார், ஊருக்குக் கிளம்பியதற்கு முந்தின நாள். நீயே சொல், அவர் திரும்பி வருகிற டிக்கெட் ஐந்தாம் தேதிக்கு. ஏழாம் தேதி அலங்காரத்தை இறக்குவது எப்போதும் அவர் வேலை, என்னைத் தொடவே விடமாட்டார். இந்த முறை எனக்கு எதற்குச் சீட்டு? போகும்போதே திரும்பி வருகிற எண்ணம் இல்லாமல்தான் போயிருக்கிறார். உனக்கு முன்னாலேயே தெரியுமா? தெரிந்துதான் கேட்டாயா? நான் பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து அழுதேன். உன் அத்தான் பயந்துபோய் இருமலை மறந்துவிட்டார்.

சின்ன வயசிலிருந்தே எனக்கு உன்மேல் பொறாமைதான், இன்றைக்குப் புதிதாக வந்ததில்லை. சைக்கிளில் முன்கம்பி உனக்கு, பின் கேரியர் எனக்கு. உனக்கு அவர் முகம் தெரியும், எனக்கு முதுகுதான் தெரியும். இப்போது உன் பிள்ளைகள் அவர் தோளில் ஏறிக்கொண்டு நிற்கிறார்கள். இங்கே அவர்மேல் ஏற ஒரு பூனைக்குட்டிகூட இல்லை. அவர் அங்கே சந்தோஷமாக இருக்கிறார் என்று கண்ணுக்குத் தெரிகிறது. பல் தெரியச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவள் நான், தெரியும். முடியவில்லைடி.

அம்மா போன பிறகு பதினோரு வருஷம் என்னிடம் இருந்தார். அந்தப் பதினோரு வருஷமும் சாப்பிட உட்கார்ந்தால் உன் பேச்சுதான். சின்னவ இருந்தா இந்நேரம் சிரிக்கவச்சிருப்பா, சின்னவளுக்கு இந்தக் குழம்புன்னா உயிர், சின்னவ போன் பண்ணினாளா. பரிமாறுகிற கரண்டியை நான் நங்கென்று வைப்பேன். அவருக்கு அது கேட்காது. பக்கத்தில் இருக்கிறவளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசினதில்லை.

இப்போது அங்கே நீ பக்கத்தில் இருக்கிறாய். தூரத்தில் இருக்கிறவள் நான். சாப்பிட உட்கார்ந்தால் என்னைப் பற்றி ஏதாவது பேசுகிறாரா? பெருமையாகப் பேச வேண்டாம், என் வாயைப் பற்றித் திட்டினாலும் சரி. பேசுகிறார் என்றால் எனக்கு உடனே எழுது. அவர் ஆசைப்படுகிற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும், டிக்கெட்டை நானே மாற்றித் தருகிறேன், மனசார. ஒருநாள்கூட என் பேச்சை எடுக்கவில்லை என்றால் அதை மட்டும் எனக்கு எழுதிவிடாதே. பேசாமல் ஐந்தாம் தேதி ரயிலேற்றி அனுப்பிவிடு. ஸ்டேஷனில் நான் நிற்பேன்.

உன் வீடு நிறைந்திருக்கிற மாதிரியே என்றைக்கும் ஆண்டவர் வைத்திருக்கட்டும். அப்படியே என் வாசல் பக்கமும் ஒரு பார்வை பார்க்கட்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா