சிரிக்காத குளவி

என் பிடிவாதக்கார அம்மாவுக்கு,

ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு குளவியைச் சிரிக்கவைக்கச் சொல்லி இன்று என்னோடு மல்லுக்கு நின்றார்கள்.

நான் இப்போது வத்தேகமவுக்கு மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். நாளை மறுநாள் கண்காட்சி. பிள்ளைகள் பூச்சி பொம்மை செய்கிறார்கள். முட்டை அட்டையில் கம்பளிப்பூச்சி, யோகட் கோப்பையைக் கவிழ்த்து மஞ்சள் பூசிக் கறுப்பு நூல் சுற்றினால் குளவி, கொடுக்குக்கு ஓர் ஈர்க்கில் துண்டு. வகுப்பு முழுக்கப் பசை, என் சேலையிலும் பசை. அதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் ஆசிரிய ஆலோசகர் கொண்டுவந்த மாதிரியில் எல்லாப் பூச்சிக்கும் வாய் நிறையச் சிவப்புச் சிரிப்பு. பூச்சிகள் நம் நண்பர்களாம். அந்த மனிதர் தேயிலை மலையில் ஒரு நாளாவது நின்றிருப்பாரா?

தெல்தோட்டையில் உங்கள் மலையில் குளவி கலைந்த அன்று, மற்றவர்களெல்லாம் தலையை மூடிக்கொண்டு சரிவில் உருண்டார்கள். நீயும் தப்பித்துத்தான் இருந்தாய். கீழே போட்ட கொழுந்துச் சாக்குக்காக மறுபடி மேலே ஏறினாய். நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப் பேர் போடுவார், அரை நாள் சம்பளம்தான் கிடைக்கும் என்ற பயம். ஏன் அம்மா ஏறினாய்? எங்களைவிட அந்தச் சாக்கு என்ன பெரிது?

பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே நீ போய்விட்டாய். அதற்குப் பிறகும் உனக்கு அரைப் பேர்தான் போட்டார்கள். நிறை குறைவாம். அப்படி எழுதிய கணக்கப்பிள்ளையின் கையை நான் இன்னும் மனதுக்குள் சபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் வகுப்பில் கவிஷா என்று ஒரு பிள்ளை. அவளுடைய அம்மாவும் கொழுந்து பறிக்கிறவள். போன மாதம் குளவி கொட்டி, வீங்கிய முகத்தோடு வீட்டில் கிடந்து எழும்பினாள். கவிஷா செய்த குளவிக்குக் கண் இருந்தது, சிறகு இருந்தது, கொடுக்கு எல்லோருடையதையும்விட நீளமாக இருந்தது. வாய் மட்டும் இல்லை.

ஆலோசகர் அதைத் தூக்கிப் பார்த்து, வாய் எங்கே என்று கேட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"குளவி சிரிக்காது சேர். எங்கம்மாவக் கொட்டுனப்ப சிரிக்கல."

அவர் பொம்மையை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது முடிக்காத வேலை டீச்சர். பாதிப் புள்ளி போடுங்க. கண்காட்சிக்கு வேண்டாம்."

பாதி என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பள்ளிக்கூட அதிபர் பக்கத்தில் நின்று, விட்டுவிடுங்கள் என்று கண்ணைக் காட்டினார். எத்தனை பேர் இப்படி விட்டுவிட்டிருப்பார்கள்? அன்றைக்கு உனக்காக ஒருவராவது வாயைத் திறந்தார்களா?

"அவ வேலய முழுசா முடிச்சிட்டா சேர். முழுப் புள்ளிதான் போடுவேன்."

என்மேல் முறைப்பாடு எழுதப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எழுதட்டும். தூர இடத்துக்கு மாற்றினாலும் மாற்றட்டும். பயம் இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பயத்தோடேயே முழுப் புள்ளியைப் போட்டேன். அவர் வாசலைத் தாண்டுமுன் அந்தக் குளவியை எல்லாவற்றுக்கும் முன்னால் தொங்கவிட்டேன்.

குளவியை நான் மன்னிக்கமாட்டேன். அந்தக் கணக்கப்பிள்ளையை அதைவிட மன்னிக்கமாட்டேன். ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். நான் நிற்கிற வகுப்பில், முழு வேலை செய்த ஒரு பிள்ளைக்கும் யாரும் பாதி போட்டுவிட்டுப் போக முடியாது.

சாக்கெடுக்கத் திரும்பிப் போன உன்னை இன்னும் திட்டிக்கொண்டிருக்கும்,
உன் மூத்த மகள்.